நீலகிரி ஆறுகளோடு ஒரு ஜியோகேச்சிங் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்தில் தொடங்கி மலையேறி, பவானி, குன்னூர் ஆறு, பைக்காரா, மாயாறு, குந்தா என்று ஆற்றோரத்துப் பழைய இடங்களில் நின்று நின்று கேச் தேடிப் போகும் பயணத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டவை இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. கார், பைக் இரண்டுக்கும் பொருந்தும்.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். நாம் ஜிபிஎஸ் உதவியுடன் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வர வேண்டும். அந்த டப்பாதான் கேச். அந்த நோட்டை லாக் புத்தகம் என்பார்கள்.

2000 மே மாதம் வரை பொதுமக்கள் பயன்படுத்திய ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. மே 2-ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு வைத்து, எண்களை இணையத்தில் அறிவித்தார். அதுதான் முதல் கேச். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங் தளம் வந்தது. இன்றும் பெரும்பாலானோர் பயன்படுத்துவது அந்தத் தளத்தையும் அதன் செயலியையும்தான்.

நீலகிரியில் தேடுவதற்கு எத்தனை கேச் இருக்கிறது?

ஐரோப்பிய நகரங்களைப் போல் தெருவுக்கு ஒன்று இங்கே கிடையாது. செயலியின் வரைபடத்தைத் திறந்தால் அன்றைக்கு எவை உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பாருங்கள். கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதையும் படியுங்கள். பல மாதமாக யாரும் கண்டுபிடிக்காத டப்பாவைக் குரங்கோ மழையோ கொண்டுபோயிருக்கலாம்.

எண்ணிக்கைக்காக வருபவருக்கு இந்த மலை ஏமாற்றம்தான். ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுத்து, அது பிறக்கும் இடத்தின் அருகிலிருந்து சமவெளியில் கலக்கும் இடம் வரை கூடவே போக விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. முக்குருத்தி மலையில் பிறக்கும் நீர் பைக்காராவாக ஓடி, விழுந்து, மாயாறாக மாறி, பள்ளத்தாக்கு வழியே இறங்கி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. இந்த வரிசை மனதில் இருந்தால், நடுவில் டப்பா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பயணம் நிறைவாக இருக்கும்.

டப்பா இல்லாத கேச் உண்டு என்கிறார்களே?

உண்டு. அதற்கு எர்த்கேச் என்று பெயர். 2004-இல் தொடங்கிய வகை. அங்கே மறைத்து வைத்த பொருள் எதுவும் இருக்காது. பார்க்க வேண்டியது பாறையும் மண்ணும் தண்ணீரும்தான். அந்த இடத்தில் நின்றால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய சில கேள்விகள் கொடுத்திருப்பார்கள். பதிலை கேச் அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

நீலகிரிக்கு ஏற்ற வகை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். காட்டில் ஒரு பொருளையும் விட்டுவர வேண்டியதில்லை. பார்ப்பதற்கும் நிறைய இருக்கிறது. இந்த மலையின் உடல் முழுக்க சார்னோக்கைட் என்ற கருநீலச் சாம்பல் நிறப் பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லை வைத்து, ஹாலண்ட் என்ற புவியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பெயர் அது. நீலகிரிக்கு வடக்கே மாயாறு, தெற்கே பவானி. இரண்டு ஆறுகளும் ஓடுவது, பூமியின் ஆழத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்து நொறுங்கிய நீண்ட பட்டைகளின் மேல். நொறுங்கிய பாறையை அரிப்பது தண்ணீருக்குச் சுலபம். அதனால்தான் மாயாறு அவ்வளவு நேராக, அவ்வளவு ஆழமாக ஓடுகிறது. ஊசிமலையிலிருந்தோ மசினகுடிப் பக்கமிருந்தோ பார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டு பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதே வேறாக இருக்கும்.

பதிவான கேச் எதுவுமே வழியில் இல்லையென்றால்?

நாமே ஒரு கேள்வித்தாள் தயாரித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து, பொது மக்கள் போகக்கூடிய இடங்களாகப் பார்த்து எண்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதிவிடுவார். பாலத்தின் கல்வெட்டில் என்ன ஆண்டு இருக்கிறது, அருவி எத்தனை படியாக விழுகிறது, கரைப் பாறையில் வெள்ள மட்டத்தின் கறை எவ்வளவு உயரத்தில் தெரிகிறது, இப்படி. மற்றவர்கள் கண்டுபிடித்துப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது டப்பா தேடுவதைவிட நன்றாகவே ஓடுகிறது.

எண்களைப் போடும்போது எதில் கவனம் வேண்டும்?

ஜியோகேச்சிங் தளம் டிகிரியும், தசமத்தோடு நிமிடமும் சேர்ந்த வடிவத்தில் எண் தரும். கூகுள் வரைபடம் பெரும்பாலும் தசம டிகிரியில் காட்டும். இரண்டையும் குழப்பினால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். ஊட்டி ஏறத்தாழ 11.410 டிகிரி வடக்கு. அதை நிமிட வடிவில் எழுதினால் 11 டிகிரி 24.6 நிமிடம். யாராவது அவசரத்தில் 11 டிகிரி 41.0 நிமிடம் என்று தட்டினால், புள்ளி 30 கிலோமீட்டர் வடக்கே பந்திப்பூர்ப் பக்கம் போய் உட்காரும்.

நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.8 மீட்டரைக் குறிக்கும். ஆனால் செல்போன் அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்காது. வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் வரும். சோலைக்காட்டு மரங்களின் கீழும் பள்ளத்தாக்குச் சுவர் ஓரமும் இன்னும் விலகும். அம்புக்குறி ஆடிக்கொண்டே இருந்தால் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். பனிமூட்டம் ஜிபிஎஸ்ஸைப் பெரிதாகப் பாதிக்காது. உங்கள் கண்ணைத்தான் பாதிக்கும்.

அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் சிக்னல் கிடைப்பது அரிது. வரைபடத்தையும் கேச் விவரங்களையும் ஊட்டியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் கொண்டு போகலாமா?

கூடாது. இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் இருந்தால் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். ஜிபிஎஸ் எண்களை வாங்க மட்டும் செய்யும் கருவிக்கும் சாதாரண செல்போனுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

பயணத்தை எங்கே தொடங்குவது?

மேட்டுப்பாளையத்தில், பவானிக் கரையில். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கம் ஆறு அகலமாக, அமைதியாகத் தெரியும். இறங்கிக் குளிக்கத் தோன்றும். வேண்டாம். மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது ஆறு திடீரென்று ஏறும். வெயில் அடிக்கும் நாளில், மழையே இல்லாமல் ஏறும். இந்தக் கரையில் உயிரிழந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். எச்சரிக்கைப் பலகைகளைப் படியுங்கள், உள்ளூர்க்காரர் எழுந்து வரச் சொன்னால் உடனே வாருங்கள். இந்தக் கரையில் கேள்வி எழுதுவதாக இருந்தால், படித்துறையில் நின்றே பதில் சொல்லும்படி எழுதுங்கள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை என்ன பார்க்கலாம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டருக்கும் குறைவு. குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில். இந்த ஏற்றம் முழுவதும் குன்னூர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாகத்தான். 1830-களில் மதராஸ் பயனியர் படை வெட்டிய பழைய பாதையும், பிறகு வந்த இன்றைய சாலையும், 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலும் இந்தப் பள்ளத்தாக்கைத்தான் பிடித்து ஏறின. ரயில் 1908-இல் ஊட்டியை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டரில் 250 பாலங்கள், 16 குகைகள். அவ்வளவு பாலம் எதற்கு என்றால், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நீரோடை குறுக்கே வருகிறது. மழைக்காலத்தில் பாதை மூடும் செய்தி வருவதும் அதே காரணத்தால்தான்.

பர்லியாரில் நிறுத்தி டீ குடியுங்கள், பழம் வாங்குங்கள். தண்டவாளத்தில் நடந்து போய்ப் பாலத்தைப் படம் எடுக்காதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட. ரயிலைப் பார்க்க ஆசையென்றால் குன்னூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள், இல்லை டிக்கெட் எடுத்து ஒருவரை ரயிலில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் காரில் வாருங்கள்.

குன்னூரிலிருந்து கொஞ்சம் உள்ளே காட்டேரி அருவி. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதற்கு மின்சாரம் தர இந்த அருவியில் ஒரு நீர்மின் நிலையம் கட்டினார்கள். நாட்டின் ஆரம்பகால நீர்மின் முயற்சிகளில் ஒன்று அது. வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்தத் தண்ணீர் நூறு ஆண்டுக்கு முன்பே மின்சாரம் கொடுத்தது என்பதைக் கேள்வித்தாளில் சேர்த்தால் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

ஊட்டி ஏரியை ஆற்று இடமாகக் கணக்கில் எடுக்கலாமா?

எடுக்க வேண்டும். அது இயற்கை ஏரி இல்லை. மலையோடைகளை மறித்து 1820-களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கியது. அப்போது அது மிகப் பெரிதாக இருந்தது. பேருந்து நிலையமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் தாழ்நிலம் ஒரு காலத்தில் ஏரியின் பகுதி. கூட்டத்தோடு படகுக்கு வரிசையில் நிற்பதைவிட, பழைய கரை எதுவரை இருந்திருக்கும் என்று நிலத்தின் சரிவைப் பார்த்துக் கணிப்பது நல்ல கேள்வி.

பைக்காராவில் என்ன விசேஷம்?

ஊட்டி - கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் வாக்கில் பைக்காரா. படகு இல்லமும் அருவியும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்தப் பயணத்தின் மையம் இந்த ஆறுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் இந்த மலையின் பழங்குடியினரான தோடர்கள். பைக்காராவும் அவலாஞ்சி ஆறும் அவர்களுக்குத் தெய்வங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களோடு இருந்து ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், இந்த ஆறுகளைக் கடக்கும்போது தோடர்கள் போர்வையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து மரியாதை செய்வதைப் பதிவு செய்திருக்கிறார். பாலத்தில் காரை வேகமாக ஓட்டிப் போகும் நமக்கு இது தெரிந்திருப்பது நல்லது. ஆற்றங்கரையில் பாட்டில் உடைப்பதும் பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும் யாருடைய கோயில் வாசலில் என்று புரியும்.

அடுத்தது மின்சாரம். 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. ஆற்று நீரைக் கிளன்மார்கனிலிருந்து குழாய் வழியே 900 மீட்டருக்கு மேல் கீழே, சிங்காரா மின் நிலையத்துக்கு இறக்கினார்கள். அந்தக் காலத்தில் உலகமே வியந்த உயரம் அது. அந்த மின்சாரம் போன இடம் கோயம்புத்தூர். 1930-களில் அங்கே பஞ்சாலைகள் மளமளவென்று பெருகியதற்கு இது பெரிய காரணம். கோவையில் ஒரு தலைமுறை மில் சங்கு கேட்டு எழுந்ததற்குப் பின்னால் இந்த ஆறு இருந்தது. கோவையிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொன்னால் பாறை மேல் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருகிறார்கள்.

அப்புறம் அருவி. இரண்டு பெரிய வீழ்ச்சிகளும் அவற்றுக்கு மேலே சிறு படிகளுமாக இறங்குகிறது. பாறையில் ஏன் படி விழுந்திருக்கிறது, வெடிப்புகள் எந்தத் திசையில் போகின்றன என்று கவனித்தால் ஓர் எர்த்கேச்சுக்கான பாடம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள். பாசி படிந்த சார்னோக்கைட் ஈரத்தில் எண்ணெய் போல வழுக்கும்.

மாயாற்றை எங்கே பார்ப்பது?

கூடலூர் இறங்கி முதுமலைக்குள் நுழைந்தால் தெப்பக்காட்டில் ஆறு சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. முதுமலை 1940-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம். இங்கே விதி எளிமையானது: வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சாலையில் நிறுத்தக் கூடாது, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் வழியே போகும் சாலை மூடியிருக்கும். யானை முகாமும் வரவேற்பு மையமும் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி, அங்கிருந்து எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பாருங்கள். யாராவது தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் நடுவில் சாலையோரத்தில் டப்பா இருக்கிறது என்று எண் கொடுத்தால் போகாதீர்கள். அப்படி ஒரு கேச்சை அங்கே வைத்திருக்கவே கூடாது.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடேறி நடந்த விபத்துகளால் அந்தச் சாலையில் இறங்கும் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் கூடலூர் வழியே இறங்கி, கல்லட்டி வழியே ஏறும்படி வட்டமாகத் திட்டமிடுங்கள். செக்போஸ்ட்டில் அன்றைய நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவாலா, பந்தலூர் தங்கச் சுரங்கங்களுக்குப் போகலாமா?

கதையாகக் கேட்பதற்கு அருமையான இடம். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கம் கிடைக்கும் என்று லண்டனில் கம்பெனிகள் முளைத்து, பங்குகள் விற்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் சரிந்துபோயின. இந்தப் பக்கத்து நீர் மேற்கே சாலியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. நாம் பின்தொடரும் ஆற்றுக்கு எதிர்த்திசை. பழைய சுரங்க வாய்களுக்குள் மட்டும் போகாதீர்கள். கூரை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

எமரால்டு, அவலாஞ்சி, குந்தா பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கத் தகுமா?

தகும். குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு கட்டப்பட்டது. முதல் நிலையங்கள் 1960-ஐ ஒட்டி இயங்கத் தொடங்கின. ஊட்டியிலிருந்து எமரால்டு போய், மஞ்சூர் வழியாகக் குன்னூர் திரும்பினால், ஒரே நீர் அணை அணையாக இறங்குவதைக் காணலாம். அவலாஞ்சியில் வனத்துறை வாகனத்தில்தான் உள்ளே போக முடியும்.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

கோத்தகிரி வழியில் ஆற்று இடம் உண்டா?

அரவேனு அருகே கேத்தரின் அருவி. பக்கத்திலிருந்து பார்ப்பதைவிட எதிர்ப்புறம் குன்னூர் டால்பின் நோஸ் முனையிலிருந்து பார்த்தால்தான் முழு உயரமும் தெரியும். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்துவிட்டு எது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பொருத்தச் சொன்னால் பெரியவர்களும் திணறுகிறார்கள். கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவும் இந்த வழியில்தான். அவர் மலைக்கு முதலில் வந்தது 1819.

கோடை சீசனில் குன்னூர் வழியே ஏறி கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தை அமல்படுத்துவார்கள். நம் திட்டத்துக்கு அது பொருந்திப்போகிறது.

பயணத்தை எங்கே முடிப்பது?

பவானிசாகரில். நீலகிரியை விட்டு ஈரோடு மாவட்டத்துக்குள் போனாலும் முக்குருத்தி நீர் பவானியோடு சேர்வது அங்கேதான். 1955-இல் முடிந்த அணை. கரை மட்டும் எட்டு கிலோமீட்டர். அதன் நீருக்குள் தணாயக்கன் கோட்டை இருக்கிறது. போசளர் காலத்துத் தண்டநாயகர்களின், அதாவது படைத்தளபதிகளின், கோட்டை. அதற்கு முன்பே, 1117-இல், போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசனின் கல்வெட்டு தோடர்களையும் நீலமலையையும் குறிப்பிடுகிறது. மலைக்குப் போகும் வழியைக் காவல் காத்த கோட்டை, ஆறுகள் இரண்டும் சேரும் இடத்தில். அணை நிரம்பியபோது உள்ளே போய்விட்டது. நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் கோயில் மண்டபம் வெளியே தெரியும். செய்தித்தாள்களில் படம் வரும்.

நீர்ப்பரப்புக்குள் நீங்களாக இறங்கிப் போக முயல வேண்டாம். சேறு ஆழமானது, யானைகளும் நீர் குடிக்க வரும் இடம். அணைப் பூங்காவில் நின்று மேற்கே மலையைப் பாருங்கள்.

நான் வரும்போது ஒரு கேச் மறைத்து வைக்கலாமா?

சுற்றுலா வந்தவர் வைக்கக் கூடாது. வைத்தவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும்: நனைந்த நோட்டை மாற்ற வேண்டும், தொலைந்தால் வேறு வைக்க வேண்டும். அருகில் வசிக்காதவரால் முடியாது, தளமும் அனுமதிக்காது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ குடியிருப்பவர் வைக்கலாம். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இன்னொரு கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். காப்புக்காட்டில் கூடவே கூடாது. தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், ஆள் நடமாட்டம் இல்லை என்பதால் பொது இடம் ஆகிவிடாது. தோடர் மந்துகள் (குடியிருப்புகள்), கோத்தர் பழங்குடியினரின் ஊர்கள், கோயில்கள் பக்கமும் வேண்டாம்.

உள்ளே தின்பண்டம் போடாதீர்கள். கரடி, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் மோப்பம் பிடிக்கும். பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் வையுங்கள்.

அணை, மின் நிலையம், ராணுவப் பகுதி பற்றி?

வெலிங்டன் கன்டோன்மென்ட், அருவங்காடு தொழிற்சாலை, அணைகள், மின் நிலையங்கள், ரயில் பாலங்கள் இவற்றின் அருகில் தேடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். புதரில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுக்கும் ஆளைப் பார்த்தால் காவலருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். யாராவது கேட்டால் மறைக்காமல் செயலியைத் திறந்து காட்டி விளக்குங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025-இல் கோடை சீசனுக்குத் தினசரி வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரியின் டிஎன் 43 பதிவு வண்டிகளுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரி பை செக்போஸ்ட்டில் பிடுங்கப்படும். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

மலையின் இரு பக்கமும் இரு மழை. கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து காட்டுத்தீ காலம். ஏப்ரல், மே கூட்டம். செப்டம்பர் பின்பாதியில் அருவிகளில் நீர் இருக்கும், வானமும் ஓரளவு திறக்கும். டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை உறைபனிக் குளிர், ஆனால் பார்வை தெளிவு. எனக்குப் பிடித்தது ஜனவரி.

யானை, காட்டெருமை எதிரே வந்தால்?

கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனையில் பலா பழுக்கும் காலத்தில் யானை சாலைக்கே வரும். வண்டிக்குள்ளேயே இருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், பின்வாங்க இடம் விட்டு நிறுத்துங்கள். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மாட்டைப் போலச் சாதுவாக நிற்கும், கிட்டே போகாதீர்கள். மாலை ஐந்துக்குப் பிறகு தேடுதலை நிறுத்திவிடுங்கள். கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், பயப்பட வேண்டியதில்லை.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஒவ்வொரு கேச்சுக்கும் கடினமும் நிலப்பரப்பும் 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகக் கொடுத்திருப்பார்கள். நிலப்பரப்பு 1.5-க்குள் இருப்பவற்றை மட்டும் எடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த கதைகள் நம்மிடம் இல்லை. பைக்காரா கரண்ட் முதன்முதலில் ஊருக்கு வந்ததைப் பற்றித் தன் அப்பா சொன்னதை ஒரு பெரியவர் அருவிக்கரையில் சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கு மற்ற கேச்சை விட்டுவிடலாம்.

லாக் புத்தகத்தில் தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள். பெயரும் தேதியும் கட்டாயம். இணையத்தில் பதியும்போது ஒளித்த இடம் வெளியே தெரியாமல் எழுதுவது மரியாதை. ஆற்றோரக் கேச்சாக இருந்தால் அன்று தண்ணீர் எவ்வளவு இருந்தது, பாதை எப்படி இருந்தது என்று இரண்டு வரி சேருங்கள். அடுத்த வாரம் பிள்ளைகளோடு வரப்போகிறவர் கிளம்புவதற்கு முன் முதலில் படிப்பது அதைத்தான்.